கம்மாக்கரை டவரா, மில்லு டவரா?

நெட்வொர்க் மாற்றிக் கொடுக்கிற கடைக்கு வருகிறவர் யாரும் முதலில் சிம்மைப் பார்ப்பதில்லை. நம்முடைய மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள், இது பொய் சொல்லுகிற மூஞ்சிதானா என்று. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அப்படி ஒரு கடையை வைத்துக்கொண்டு தினமும் என் மூஞ்சியைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் எஸ்தர். ‘எல்லா நெட்வொர்க்கும் மாற்றித் தரப்படும்’ என்று வாசலில் போர்டு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, “மாத்துனா என் நம்பரு போயிருமா?” இரண்டாவது கேள்வி, “இதுல உங்களுக்கு என்ன லாபம்?”

உங்களையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, “இப்ப கேக்குதா? இப்ப?” என்று கத்தின ஆள்தானே நீங்களும்? போனை ஜன்னல் கம்பியில் சொருகி வைத்துவிட்டு, அசையாதே என்று வீட்டில் இருப்பவர்களை மிரட்டின ஆள்தானே? அந்தக் கோபத்தோடு கடைக்கு வருவீர்கள். நான் ஒரு கம்பெனியைச் சொன்னால், இவளுக்கு அதில் கமிஷன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வீர்கள். கமிஷன் உண்டுதான். எல்லாக் கம்பெனியிலும் உண்டு. அதனால் யார் எங்கே மாறினாலும் எனக்கு ஒன்றுதான் என்று சொன்னால் அதையும் நம்ப மாட்டீர்கள். சரி, நம்பாமலே படியுங்கள்.

கம்பெனிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் கரிசல் பக்கத்து ஊர்களில் யாரும் சொல்வதும் இல்லை. டவர் எங்கே நிற்கிறதோ அதுதான் கம்பெனியின் பெயர். கண்மாய்க் கரையில் நின்றால் கம்மாக்கரை டவர். மூடிப்போன பஞ்சு மில்லுக்குப் பக்கத்தில் நின்றால் மில்லு டவர்.

உங்க வீட்ல எது?

வசந்தி முதல் தடவை வந்தபோது ஸ்டூலில்கூட உட்காரவில்லை. பசுவந்தனைக்கு அங்கிட்டு ஒரு மானாவாரி ஊர் அவளுக்கு. எம்.எஸ்ஸி. கணக்கும் பி.எட்.டும் படித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் போட்டுக்கொண்டிருந்தவள். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் பெயர். வளைகுடா நாடுகளில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குப் போன் வழியாகக் கணக்கு டியூஷன் எடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. வகுப்பு சாயங்காலம். அவள் ஊரே கம்மாக்கரை டவரில்தான் இருந்தது, அவளும் அதில்தான் இருந்தாள். பின்னக் கணக்கில் மேலே உள்ளதை எழுதிவிட்டுக் கீழே உள்ளதை எழுதுவதற்குள் லைன் அறுந்துவிடும். மறுபடி லைன் வரும்போது பிள்ளை சாப்பிடப் போயிருக்கும். டியூஷன் கம்பெனிக்காரர்கள் இந்த மாசம் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் வேறு டீச்சர் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி ஆகிவிட்டால் விடியக்காலையில் ஊருக்குள் வருகிற ஆபீஸ் வேனில் அவள் மறுபடி ஏற வேண்டியதுதான். “அந்த வேன் ஹாரன் கேட்டாலே காதப் பொத்திக்கிடுதேன்க்கா” என்றாள்.

“மில்லு டவருக்கு மாறிரு. உங்க ஊர்ல அது நல்லா எடுக்கும்” என்றேன். ஒரு தடவை மாறினால் மூன்று மாசத்துக்குத் திரும்பி வர முடியாது என்கிற விதியையும் சொன்னேன். நேர்மையாக நடந்துகொள்கிறேன் என்று எனக்கு நினைப்பு. “மூணு மாசம் கட்டிப்போட்டுருவீங்களோ?” என்று ஒரு எட்டுப் பின்னால் போனாள். அப்படியானால் இருக்கிற நம்பர் இருக்கட்டும், இரண்டாவதாக ஒரு சிம் வாங்கி வைத்துக்கொள் என்றேன். “ஒண்ணு எடுக்கலன்னு வந்தவளுக்கு ரெண்டு விக்கப் பாக்கீங்க. ரெண்டுக்கும் மாசா மாசம் யாரு காசு போடுவா?” என்றாள். அப்புறம் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள். “உங்க வீட்ல எது வச்சிருக்கீங்க?” எங்கள் வீடு டவுனுக்குள் இருக்கிறது, அங்கே எல்லாமே எடுக்கும் என்றேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்:

“டவுனுக்குள்ள இருந்துக்கிட்டு எங்க ஊரப் பத்தி உங்களுக்கு என்னக்கா தெரியும்?”

கண் சிமிட்ட மறுத்தவர்

எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை அவளிடம் சொல்ல முடியாத இக்கட்டு. அதற்குக் காரணம் மாயாண்டி அண்ணாச்சி. வசந்திக்கு அடுத்த வீடு, சின்ன மாமனார் முறை. ஆடுகளும் கொஞ்சம் மக்காச்சோளம் விதைத்த பிஞ்சை நிலமும் உள்ள மனுஷன். அவர் நாலைந்து மாசத்துக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரியாமல் வந்து மில்லு டவருக்கு மாறியிருந்தார். மாறுகிற ஆள் நேரில்தான் நிற்கிறார் என்பதற்கு நாங்கள் போனில் முகத்தைப் படம் எடுக்க வேண்டும். அது போட்டோ இல்லை, உயிருள்ள ஆள் என்று தெரிய அவர் ஒரு தடவை கண்ணைச் சிமிட்ட வேண்டும். “அண்ணாச்சி, கண்ண மூடித் தொறங்க” என்றேன். அண்ணாச்சி இருந்ததைவிட அகலமாகக் கண்ணைத் திறந்தார். “என்னத்துக்கு மூடணும்?” “மூடுனாத்தான் இது ஏத்துக்கிடும்.” “நான் மூடுத நேரம் நீ என்ன செய்வ?” என்று மேசையில் கிடந்த ஆதார் கார்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். கண்ணில் நீர் கட்டிவிட்டது, மனுஷன் சிமிட்டவில்லை. பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கடைசியில் மேசை ஃபேனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தேன். தானாகச் சிமிட்டினார்.

நம்பர் மாறி ஒரு வாரம் கழித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மில்லு டவர் பிரமாதம் என்றார். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “எங்க ஊர்க்காரன் எவன் வந்து கேட்டாலும் மில்லு டவரு சரியில்லன்னு சொல்லிரு தாயி.” நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். அப்படியானால் என் பெயரையாவது இழுக்காதே என்று கெஞ்சினார். ஒருத்தர் எந்த சிம் வைத்திருக்கிறார் என்று இன்னொருத்தரிடம் சொல்வது எங்கள் தொழிலுக்கும் அழகில்லை, அதனால் சரி என்று தலையாட்டினேன். உங்களுக்கு நல்லா எடுத்தால் ஊருக்கும் எடுத்துவிட்டுப் போகட்டுமே, என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். மழையை நம்பிக் கிடக்கிற ஊர்க்காரர் வேறு எப்படிப் பேசுவார்?

“ஒரு கெணத்துல எத்தன மோட்டாருதான் எறக்க முடியும் தாயி? ஊரு பூரா எறங்குனா எனக்குச் சேறுதான் மிஞ்சும்.”

இரவல் சிம்

வசந்தி ஊரில் போய் விசாரித்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் செய்வதற்கு முன்னால் நாலு பேரைக் கேட்காவிட்டால் தூக்கம் வராது. முதலில் கேட்டது யாரை என்கிறீர்கள்? மாயாண்டி அண்ணாச்சியை. “மில்லு டவரா? அது செத்த டவருல்லா மருமவளே” என்று சொல்லியிருக்கிறார். சொந்த மாமா சொன்ன பிறகு கடைக்காரி சொல் எடுபடுமா? திரும்ப வந்து என்னைப் பார்த்த பார்வையில் திருடியைப் பார்க்கிற பார்வை இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்த மாமாவின் பெயரை விழுங்கிக்கொண்டேன். கடையில் சோதனைக்கென்று வைத்திருக்கிற போனை எடுத்தேன். அதில் மில்லு டவர் சிம் இருந்தது. “நான் சொல்லுததும் வேண்டாம், ஊர் சொல்லுததும் வேண்டாம். கொண்டு போய் நீயே பாரு” என்று கையில் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை கொண்டுவந்தாள். அடுப்படியில் பார்த்தாளாம், மாட்டுத் தொழுவத்தில் பார்த்தாளாம், வகுப்பு எடுக்கிற உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டும் பார்த்தாளாம். எல்லா இடத்திலும் வீடியோ நிற்காமல் ஓடியது என்றாள். அப்பாடா என்று மாற்றுகிற வேலைக்கு மேசை டிராயரைத் திறந்தேன். அவள் அசையவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். கணக்குப் படித்தவள், எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது, நான் கண்டுபிடிக்காமல் விட மாட்டேன் என்கிற முகம். கண்டுபிடித்தும் விட்டாள்.

“கடைக்காரவிய சிம்முக்குன்னு கம்பெனிக்காரன் தனியா நல்ல லைன் விட்டிருப்பான். காசு குடுத்து வாங்குத எங்களுக்கு அப்படியா விடுவான்?”

நிலம் அளக்க வந்தவள்

சாது என்று பெயரெடுத்தவளுக்கும் இதற்குமேல் கோபம் வராமல் இருக்குமா? நான் சாது என்று பெயரெடுத்தவளும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் நேரே மினி பஸ் ஏறி அவள் ஊருக்கே போய்விட்டேன். வியாபாரத்துக்குப் போகவில்லை, வீம்புக்குப் போனேன். ஒரு கையில் கம்மாக்கரை டவர் போன், மறு கையில் மில்லு டவர் போன். அவளையும் கூட்டிக்கொண்டு தெருவில் ஆரம்பித்து ஊர்க்கடைசி வரைக்கும் நடந்து, இரண்டிலும் எத்தனை புள்ளி சிக்னல் காட்டுகிறது என்று அவள் கண்ணாலேயே பார்க்க வைத்தேன். தெரு முடிந்து பிஞ்சை வந்ததுகூடத் தெரியவில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு காலும் ஆட்டுக்கல் கனம் கனத்தது. இரண்டு போனையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நான் தள்ளாடுவதை உளுந்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கொஞ்ச நாளாகச் சோலார் கம்பெனிக்கு நிலம் பார்க்கிற தரகர்கள் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஞாபகம் வரவில்லை. களைக்கொத்தோடு ஒரு அம்மா வரப்பில் ஏறி வந்தார். “யாரு தாயி நீ? யாரு பிஞ்சையில நின்னு என்ன பாக்க?” நெட் எடுக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். “வசந்தி, உனக்கு இவள எத்தன நாளாத் தெரியும்?” என்று அவளைக் கேட்டார். வசந்தி என்னைக் காப்பாற்றுவாள் என்று பார்த்தேன். “ரெண்டு வாரமாத்தான் சித்தி” என்றாள் அந்தப் புண்ணியவதி. சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நெலத்த அளக்க வந்துட்டு நெட்ட அளக்கேன்னு சொல்லுதியே, எங்களப் பாத்தா ஒனக்கு எப்படித் தெரியுது?”

ஆட்டுக்குட்டி வீடியோ

என்னை விசாரிக்க அவர்கள் கூட்டிக்கொண்டு போனது மாயாண்டி அண்ணாச்சி வீட்டுக்கு. அவர்தான் டவுன் பழக்கம் உள்ளவராம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. என்னை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பது போல ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தார். நானும் கொடுத்த வாக்குக்காக அவரைத் தெரியாதது போலவே நின்றேன். வசந்தி எல்லார் முன்னாலும் கேட்டாள், “மாமா, நெசமாச் சொல்லுங்க. மில்லு டவரு நம்ம ஊர்ல எடுக்குமா, எடுக்காதா?” “எத்தன தடவ சொல்லுதது? சுத்தமா எடு...” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைப் பையில் போன் பாடியது. வெட்டிவிடலாம் என்று அழுத்தினார், பதற்றத்தில் பச்சையை அழுத்திவிட்டார். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள், வீடியோவில். அவள் மூக்குத்தி மினுங்குவது எங்களுக்கு அங்கிருந்தே தெரிந்தது. “எப்பா, காலையில அனுப்புன ஆட்டுக்குட்டி வீடியோ என்ன தெளிவு! இன்னொருக்கா குட்டியக் காட்டுங்க” என்றாள்.

வசந்திக்குக் கண் கலங்கிவிட்டது. “எம் பொழப்பு மாமா இது. நான் திரும்ப வேன்ல ஏறணும்னா நெனச்சீங்க?” என்றாள். அவள் கத்தியிருந்தால் அண்ணாச்சியும் கத்தியிருப்பார். அவள் அழுததில் மனுஷன் குன்றிப்போய்விட்டார். அவரை நாலு கேள்வி கேட்கலாம் என்று வந்த கோபம்கூட எங்கேயோ போய்விட்டது. களை எடுத்த அம்மா, இந்த டவர்ச் சண்டை எதுவும் பிடிபடாமல், கர்மம் கர்மம் என்று தலையில் அடித்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் காத்திருந்து அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்:

“கிடைக்கு மருமவளே, நல்லாவே கிடைக்கு. நீ ஒருத்தி மட்டும் வா, ஊரக் கூட்டிட்டு வந்துராத.”

திடீர்ப் பாசம்

மாறுவதற்கு நாள் குறித்தாகிவிட்டது என்று பார்த்தால், சிம் வசந்தியின் பெயரில் இல்லை. அவள் புருஷன் முருகன் பெயரில் இருந்தது. நம் வீடுகளில் பாதி சிம் இப்படித்தான், போன் ஒருத்தர் கையில், பெயர் இன்னொருத்தருக்கு. முருகன் தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வந்தார். மாறப் போகிறோம் என்று மெசேஜ் அனுப்பி ரகசிய எண் வாங்கின கொஞ்ச நேரத்தில், பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். முருகன் ஸ்பீக்கரில் போட்டார். தேன் ஒழுகுகிற குரல். “சார், எங்களை விட்டு ஏன் போறீங்க? எங்ககிட்ட என்ன சார் குறை?” முருகன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். “குறைன்னு சொல்ல முடியாதுங்க...” என்று இழுத்தார். ஒரு மாசத்துக்குக் கூடுதல் நெட் சும்மா தருகிறோம் சார், உங்களை இழக்க எங்களுக்கு மனசில்லை சார் என்றாள் அவள்.

“இருந்து பாப்போமா வசந்தி? நல்ல விதமாத்தான் பேசுதாவ” என்றார் முருகன். நான் தலையிடவில்லை. தலையிட்டால் கமிஷனுக்காக என்பார்கள். லைன் அறுந்து அறுந்து அவள் கத்தி அழைத்தபோதெல்லாம் ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று சொன்ன கம்பெனி அது. நான்தான் சொல்லிக்கொடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட வைத்தேனோ என்று வசந்தி முதலில் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். அப்புறம் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, அவர் முகத்தைப் படம் எடுக்க என் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள்.

“நான் கிணத்தடியில நின்னு ஹலோ ஹலோன்னு கத்துனப்பல்லாம் எங்கன போயிருந்தா இவ?”

பல் பிடுங்கப் போன பஸ்

மாறின முதல் வாரம் ஒரு வகுப்பும் அறுபடவில்லை. டியூஷன் கம்பெனியில் கூடுதலாகப் பிள்ளைகளைக் கொடுத்தார்கள். வசந்தி ஊரில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் குரலை எங்கே ஒளிப்பது? சாயங்காலம் ‘ஹலோ ஹலோ’ சத்தம் வராமல் கணக்குச் சொல்லுகிற சத்தம் மட்டும் விடாமல் வந்தால் ஊருக்குப் புரியாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடை வாசலில் அந்த ஊரே நின்றது. சேர்ந்து வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஒருத்தர் பல் பிடுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறார், ஒருத்தர் உரக்கடைக்கு, ஒருத்தர் கண் டாக்டரிடம். எல்லாரும் இறங்கி, ஆளுக்கொரு திசையில் போவது போலப் போய், சந்தைச் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்து முட்டிக்கொண்டார்கள். மொத்தப் பேரும் ஒரே டவருக்குப் போனால் யாருக்கும் உருப்படியாகக் கிடைக்காது என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். “வசந்திக்குக் குடுத்துட்டு எங்களுக்குக் கைய விரிக்கியோ?” என்றார்கள். மாற்றிக் கொடுத்தேன். மூன்று மாசத்துக்கு ஊரே மில்லு டவரோடு கட்டுண்டது.

அப்புறம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு வீடியோ, வசந்தியின் வகுப்பு மறுபடி துண்டு துண்டாகப் போயிற்று. இன்னொரு தடவை அறுந்தால் அவ்வளவுதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவள் ஊரில் போய் முறையிட்டாள். பொதுக்கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பது போல நெட்டுக்கும் முறை வைத்தார்கள்: டீச்சர் வகுப்பு முடிகிற வரைக்கும் ஒருத்தரும் வீடியோ பார்க்கக் கூடாது. எல்லாரும் சம்மதித்தார்கள், ஒருத்தரும் மற்றவரை நம்பவில்லை. யார் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, யார் காதில் வயர் தொங்குகிறது என்று ஒருத்தரையொருத்தர் எட்டிப் பார்ப்பதே ஊருக்கு வேலையாயிற்று. நாலாவது நாளே லைன் அறுந்தது. முருகன் கோபத்தோடு வெளியே வந்து பார்த்தால், ஆட்டுக் கொட்டகைக்குள் சாக்கு ஒன்று வெளிச்சமாக இருந்திருக்கிறது. சாக்கை விலக்கினால் உள்ளே மாயாண்டி அண்ணாச்சியும் கிரிக்கெட்டும்.

“நான் எங்கலே பாத்தேன்? எவனும் களவாப் பாத்து லைன இழுக்கானான்னு போட்டுச் சோதிச்சுல்லா பாக்கேன்!”

யாருமில்லாத டவர்

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே வசந்தி வாசலில் நின்றாள். ராத்திரி முழுக்க அழுத முகம். “கம்பெனிக்காரன்ட்ட கெஞ்சி இன்னைக்கு ஒரு வகுப்பு மட்டும் வாங்கிருக்கேன். நாளையிலேருந்து வாரேன்னு வேன் டிரைவர்ட்ட சொல்லிட்டேன்க்கா” என்றாள். எனக்கு மனசு ஆறவில்லை. நான் உண்மை சொல்லி, அவள் நம்பி, ஊர் வந்து மொய்த்து, கடைசியில் இப்படி ஆகிவிட்டதே என்று டீ வாங்கிக் கொடுத்தேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “அக்கா, எங்க ஊர்ல அத்தன பேரும் மில்லு டவருக்கு வந்தாச்சுன்னா, கம்மாக்கரை டவர்ல இப்ப யாரு இருக்கா?” நான் யோசித்தேன். அந்த ஊரில் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் காலி செய்துவிட்டுப் போன டவர், அது பாட்டுக்குச் சும்மா நின்றுகொண்டிருக்கும். இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. முதல் மாசச் சம்பளம் வந்திருந்தது, அவள் பெயரிலேயே கம்மாக்கரை டவரில் புதிதாக ஒரு சிம் எடுத்தாள். மூன்று மாசக் கட்டு பழைய நம்பருக்குத்தான், புது சிம் வாங்கத் தடை இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை என்று சொல்லிவிட்டு, பேச முடியாமல் சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்?

அன்றைக்கே வேன் டிரைவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டவள், அடுத்த வாரம் நேரே கடைக்கு வந்தாள். முதல் தடவையாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆனால் முகத்தில் ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. நான் புரிந்துகொண்டேன். மூன்று மாசம் முடிந்ததும் ஊர்க்காரர்கள் மறுபடி என்னிடம் வந்து, எது நல்லா எடுக்கும் என்று கேட்பார்கள். “வசந்தி, நீ எந்த டவர்ல இருக்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா எது நல்லா இருக்குன்னு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்” என்று முந்திக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் என் மூஞ்சியைப் பார்த்தாள். அப்புறம் பாரம் இறங்கினாற்போல் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

“நீங்க எதுக்குக்கா பொய் சொல்லணும்? உண்மையவே சொல்லுங்க. உங்கள யாரு நம்புதா?”

மூன்று மாசம் முடிந்து அந்த ஊரிலிருந்து யார் வந்து கேட்டாலும், கம்மாக்கரை டவர்தான் இப்போது நல்லது என்று சத்தியமான உண்மையைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வசந்தியின் வகுப்பு இன்றைக்கு வரைக்கும் அறுபடவில்லை.